கூறு கறியும் குப்பைக் கீரையும்

பத்திரிகைகளில் சிக்கனச் சமையல் என்று ஒரு பக்கம் வரும். மீந்துபோன சாதத்தில் வடகம், மீந்துபோன இட்லியில் உப்புமா, மீந்துபோன சப்பாத்தியில் இன்னும் ஏதோ ஒன்று. சில சமயம் தனி இணைப்புப் புத்தகமாகவே போடுவார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான். இவங்க வீட்டில் மட்டும் எப்படித் தினமும் எல்லாமே மீந்துபோகிறது?

எங்கள் வீட்டில் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது சோறு மீந்ததால் அல்ல. விடிஞ்சி எழுந்து களை வெட்டப் போகிறவள் குடித்துவிட்டுப் போவதற்கென்றே ஒரு ஆழாக்கு சேர்த்துப் போட்டு வடிப்பது அது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு லோட்டா. அடியில் ஒட்டின காந்தலைச் சுரண்டி எடுத்து உருட்டிக் கடைசியாகப் பிறந்ததுக்கு ஒரு வாய். இதில் மீந்தது எது? எங்க ஆயா வாயில் 'சிக்கனம்' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. 'பத்தும்', 'பத்தாது' என்று இரண்டு சொல்தான் அதுக்குத் தெரியும். உலையில் அரிசி போடுகிற கை அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கும்.

நான் விழுப்புரத்தில் வாடகை வீட்டில் அம்மாவோடும் அக்கா மகளோடும் இருக்கிறேன். அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். படிப்புக்காக ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறோம். எனக்கு மாதச் சம்பளம் என்று நிலையாக ஒன்றும் இல்லை. ஒரு டுடோரியலில் தமிழ் எடுக்கிறேன், மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். மீதி நேரம் இயக்க வேலை. இயக்க வேலையில் கைக்காசு போகுமே தவிர வராது என்பது இதைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று பேர் சாப்பாட்டுக்கு, சிலிண்டர் சேர்த்து, மாதம் ஐயாயிரம். அதற்குமேல் போனால் வாடகையில் கை வைக்க வேண்டும். அந்த ஐயாயிரத்தை எப்படிச் செலவு செய்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது காசுக் கணக்காக மட்டும் நிற்கவில்லை.

முதலில் ரேஷன். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த மூன்றும் இல்லையென்றால் எங்களைப் போன்ற வீடுகளில் பாதி அடுப்பு எரியாது. 'ஓசி அரிசி துன்னு சோம்பேறியாயிட்டானுங்க, வேலைக்கு ஆள் கெடைக்கல' என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களுடைய கோபம் அரிசி மேல் இல்லை. அரைப்படி நெல்லுக்காகக் களத்துமேட்டில் கையைக் கட்டி நின்றவள் இப்போது கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு வயலில் இறங்குகிறாளே, அதன் மேல்.

ரேஷன் அரிசியில் வாடை அடிக்கும் என்பார்கள். அடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. அம்மா அதை ராத்திரியே களைந்து ஊறப்போடும். காலையில் இரண்டு தண்ணீர் மாற்றி, உலையில் ஒரு கல் உப்புப் போட்டு, நிறைய தண்ணீர் வைத்து வடிக்கும். குக்கரில் வைத்தால்தான் வாடை அப்படியே உள்ளே தங்கும். வடித்தால் கஞ்சியோடு போய்விடும். ஊறின அரிசி சீக்கிரம் வேகும், காஸும் மிச்சம். கைரேகை எந்திரம் வந்த பிறகு ரேஷன் கடையில் அம்மாவுக்கு இன்னொரு தொல்லை. நாற்பது வருஷம் மல்லாட்டைக் காட்டில் களை கொத்தின விரல். எந்திரத்தில் வைத்தால் ரேகை விழமாட்டேன் என்கிறது. துடைத்துத் துடைத்து வைக்கும். அக்கா மகள் பள்ளிக்கூடம் போகாத நாளாகப் பார்த்து, அவள் விரலை வைத்து வாங்கி வருகிறோம்.

அப்புறம் சந்தை. காலையில் போனால் காய் பார்க்கலாம், வாங்க முடியாது. பொழுது சாய்ந்து, படுதாவைச் சுருட்டுகிற நேரத்துக்குப் போக வேண்டும். ஊருக்குத் திருப்பி எடுத்துப் போனால் வண்டிக் கூலி என்பதால் வியாபாரிகள் கூறு கட்டிவிடுவார்கள். அடிபட்ட தக்காளி ஒரு கூறு, முற்றின வெண்டை ஒரு கூறு, ஒடிந்த முருங்கைக்காய் ஒரு கூறு. அம்மா கூறைக் கையால் தொட்டுக் கலைக்காது, கண்ணாலேயே அடியில் இருப்பதைப் பார்த்துவிடும். அடிபட்ட தக்காளியை அன்றைக்கே புளியும் மிளகாயும் வைத்து வதக்கித் தொக்காக்கினால் ஒரு வாரம் நிற்கும். பூக்கோசுத் தண்டு, முள்ளங்கித் தழை, பீர்க்கங்காய்த் தோல் எதுவும் வெளியே போகாது. தோலைத் துவையல் அரைத்தால் காயைவிட அதுதான் ருசி. பலாக்கொட்டையும் மாங்கொட்டைப் பருப்பும் கருவாட்டுக் குழம்புக்கு. நான் இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐந்து ரூபாய் குறைய வேண்டுமென்றால் ஐந்து நிமிஷம் பேச வேண்டியிருக்கிறது, இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. சிக்கனப் பக்கம் எழுதுகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்கு விலை போடுவதில்லை. பெண்பிள்ளை நேரம்தானே.

இன்னொன்றையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். இல்லாதவன்தான் எல்லாப் பொருளையும் அதிக விலைக்கு வாங்குகிறான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது மொத்தமாகக் காசு வைத்திருப்பவனுக்கு. தினக்கூலி வாங்குகிறவள் அன்றன்றைக்குப் பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் பொட்டலம் என்று வாங்குவாள். அந்தப் பொட்டலங்களைச் சேர்த்துக் கிலோ கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊர்க்கடையில் நோட்டுப் போட்டு வாங்கினால் இன்னும் மோசம். கடனுக்கு வாங்குகிறவள் அழுகின வெங்காயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இயக்கத்தில் பெண்கள் குழு ஆரம்பித்தபோது நாங்கள் முதலில் செய்தது பத்து வீடு சேர்ந்து ஒரு டின் எண்ணெய், ஒரு மூட்டை மிளகாய் வாங்கிப் பிரித்துக்கொண்டதுதான். கூட்டத்துக்கு வராதவர்கள்கூட மிளகாய்க்கு வந்தார்கள்.

பணம் கொடுத்து வாங்காத பொருள் ஒன்று இருந்தது. கீரை. மல்லாட்டைக்குக் களை வெட்டும்போது பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். வரப்போரம் பொன்னாங்கண்ணி. நிலம் அவனுடையது, களை எங்களுடையது. இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். நூறு பொம்பளை இரண்டு நாள் வெட்டின களையை ஒருத்தன் முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு ஒரு பகலில் கருக்கிவிடுகிறான். கூலியும் போனது, கீரையும் போனது. எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் அந்த மடிக்கீரை வருமானமாக ஏறியிருக்காது. அதனால் அது போனதும் நஷ்டமாக ஏறாது.

கீரை என்றதும் எனக்கு எம்.ஏ. வகுப்பு ஞாபகம் வருகிறது. சிறுபாணாற்றுப்படை நடத்தினார்கள். நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன்தான் பாட்டுத் தலைவன். ஓய்மா நாடு என்பது வேறெங்கோ இல்லை, திண்டிவனத்தைச் சுற்றின எங்கள் சீமைதான். அதில் வரும் கிடங்கில் இன்றைக்கும் திண்டிவனத்தை ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பாட்டில் கிணை கொட்டுகிறவனின் பெண்டாட்டி ஒருத்தி வருகிறாள். கிணை என்பது பறை. பசியில் இடுப்பு ஒடுங்கிப் போனவள். குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வந்து, போட உப்பில்லாமல் வேகவைத்து, பிறத்தியார் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, தன் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள்.

வகுப்பில் இதை வறுமைச் சித்திரம் என்று சொல்லிவிட்டு, அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. எனக்கு அடுத்த அடிக்குப் போக முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டிலேயே போகிற வழியில் பாணனுக்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வருகிறது. கடலோர எயிற்பட்டினத்தில் உலர்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுப்பார்களாம். உலர்ந்த மீன் என்றால் என்ன? கருவாடு. எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்று சொல்கிறார்கள். அம்மா கருவாடு வாங்குவது இன்றைக்கும் மரக்காணத்துக்காரம்மாவிடம்தான். வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் புளிச்சோற்றோடு ஆமா என்கிற காட்டுப்பசுவின் சூட்டிறைச்சி தருவார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். கருவாடு, மாட்டிறைச்சி, நண்டு மூன்றும் விருந்து. வாசலில் கூப்பிட்டு வைத்துப் போட்டது. கதவைச் சாத்தினது உப்பில்லாத கீரைக்கு மட்டும்தான். இல்லாமைக்கு வெட்கப்பட்டிருக்கிறாளே தவிர, தின்கிற பொருளுக்கு வெட்கப்படவில்லை.

நாங்கள் கருவாட்டுக்குக் கதவைச் சாத்துகிறோம்.

விழுப்புரம் வந்து ஏழு வருஷத்தில் நான்கு வீடு மாறியாகிவிட்டது. 'நீங்க வெஜ்ஜா' என்று முதலில் கேட்பார்கள். அது சாப்பாட்டுக் கேள்வி இல்லை என்று எனக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். முட்டை, கோழி என்றால் சில பேர் ஒத்துக்கொள்வார்கள். கருவாடு என்றால் முகம் மாறும். மாட்டுக்கறியைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. இரண்டாவது வீட்டில் ஒரு மழைநாளில் அம்மா வாளைக் கருவாடு வறுத்தது. அன்றைக்குச் சாயங்காலமே கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, 'இந்த வாடைக்கு எங்க மாமியாருக்குத் தலைவலி வந்துடுச்சிங்க' என்றார். அடுத்த மாதம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், வீடு வேண்டும் என்றார்கள். கல்யாணம் இன்றுவரை நடந்ததாகத் தகவல் இல்லை.

இதைக் காசுக் கணக்காகப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு நெத்திலிக் கருவாடு வாங்கினால் எங்கள் மூன்று பேருக்கு நான்கு வேளைக் குழம்பு. நூறு ரூபாய்க்கு ஆட்டுக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். மாட்டுக்கறி ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. அதாவது உடம்புக்குச் சத்தான பொருள் எது மலிவோ அதைத்தான் வாடகை வீட்டில் சமைக்கக்கூடாது. பருப்பு சாப்பிடு, பனீர் சாப்பிடு என்றால் அந்தக் காசை யார் கொடுப்பது? சாதி எங்களிடம் மாதாமாதம் அடுப்படியிலேயே வரி வசூல் செய்கிறது. வீட்டுக்காரருக்கு வாடகை, வீட்டுக்காரர் மூக்குக்குத் தனி வாடகை.

ஊரில் இந்தத் தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியில் மாடு வெட்டினால் கூறு போடுவார்கள். கறிக்கடையில் போல எலும்பில்லாததைத் தனியாகக் கேட்க முடியாது. தொடைக்கறி, ஈரல், கொழுப்பு, எலும்பு எல்லாவற்றிலும் ஒவ்வொரு கூறுக்கும் பங்கு விழும். பக்கத்தில் நின்று பார்க்கிற கிழவிகள், 'இந்தக் கூறுல ஈரல் கம்மி' என்று சரியாகச் சொல்லிவிடும். யாருக்கு எந்தக் கூறு என்பதில் சண்டை வரக்கூடாது என்று ஒரு சின்னப் பையனைத் திரும்பி நிற்க வைத்துப் பேர் சொல்லச் சொல்வார்கள். காசில்லாதவர்கள் அறுப்புக்குத் தருகிறேன் என்று எடுத்துப் போவார்கள். கொழுப்பை உருக்கி வைத்தால் பத்து நாளைக்கு எண்ணெய் வேண்டாம். குடலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அலசி எடுக்கிற வேலை ஆம்பளைகளுக்கு வராது. மிச்சக் கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து நாலு வெயில் காயப்போட்டால் உப்புக்கண்டம். ஒரு பொடிப்பையனைக் கவட்டையோடு காக்காய் ஓட்ட உட்கார வைக்க வேண்டும், அவனுக்குக் கூலி ஒரு துண்டு. காய்ந்ததை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுவிட்டால் அடைமழைக் காலத்தில் வேலை இல்லாத நாளுக்கு ஆகும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் இறைச்சியை எப்படிக் கெடாமல் வைப்பது என்று ஒரு சிக்கனப் பக்கமும் இதை எழுதாது. எழுதினால் அந்தப் பத்திரிகை அதற்குமேல் பூஜையறை மேசையில் கிடக்காது.

2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை வெட்டுக்கு விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மாதக் கடைசியிலேயே தடை போட்டது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. இடையில் இரண்டு ஞாயிறு எங்கள் காலனியில் மாடு வரவில்லை, பிடித்து வருகிறவர் பயந்துவிட்டார். டெல்லியில் தட்டச்சு செய்த ஒரு தாள் எங்கள் காலனியில் கூறு போடுகிற பனையோலை வரைக்கும் வந்து நிற்கிறது.

இப்போது வீணாகும் உணவைப் பற்றி ஒரு விஷயம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன வருஷம் ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மீந்த சாப்பாட்டை நல்ல மனசுக்காரர்கள் சிலர் வேனில் ஏற்றி ராத்திரி பத்தரை மணிக்குக் காலனிக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு நாங்கள் ஊரில் இருந்தோம். சோறு, சாம்பார், அப்பளம், அடியில் சூடு இன்னும் ஆறாத வெஜிடபிள் பிரியாணி. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. வண்டியில் 'உணவை வீணாக்காதீர்' என்று பேனர் கட்டியிருந்தது. எடுத்து வந்த பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். அந்த மண்டபம் இருக்கிற தெருவில் எத்தனையோ வீடு. அங்கெல்லாம் வேன் நிற்கவில்லை.

1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் பேசும்போது அம்பேத்கர், செத்த மாட்டைத் தின்பதையும் மற்றவர்கள் எறிகிற மிச்சத்தை வாங்குவதையும் விட்டுவிடச் சொன்னார். பட்டினியிலிருந்தவர்களிடம்தான் அதைச் சொன்னார். எங்க ஆயா காலத்தில் பண்ணையார் வீட்டுப் புறவாசலில் பழையதை மேலிருந்து ஊற்றுவார்கள், கையேந்திக் குடிக்க வேண்டும். அம்மா தலைமுறையில்தான் அதை நிறுத்தினார்கள், அதற்காக அடியும் வாங்கினார்கள். காந்தலைச் சுரண்டித் தின்றவர்கள் அந்தப் பழையதை வேண்டாம் என்று சொன்னார்கள். இந்த இரண்டும் ஒரே கை என்பதை எங்களுக்கு வீணாக்காமை பற்றிப் பாடம் நடத்த வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா அந்த வேன் பக்கம் போகவில்லை. நான் போய் அந்தப் பையன்களிடம், 'மீந்ததைக் கொண்டாறீங்க. எலை போடறப்ப கூப்பிடுவீங்களா?' என்று கேட்டேன். அவர்களுக்குப் பதில் தெரியவில்லை, பாவம், கல்லூரிப் பிள்ளைகள். பதில் சொன்னது எங்கள் தெருப் பெண்தான், எனக்கு அத்தை முறை. 'நீ படிச்சவ, பேசுவ. ரெண்டு புள்ளையும் மத்தியானம் ஸ்கூல்ல துன்னதுதான். பசிக்கிற புள்ளைக்கு அம்பேத்கர் பேச்சச் சொல்லியா சோறு ஊட்டுவ? தள்ளு' என்று பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொண்டு போனாள். நான் தள்ளித்தான் நின்றேன். அவள் சொன்னதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் கேட்டதும் தப்பில்லை. இரண்டும் இப்படியே இருக்கட்டும்.

ஆனால் உணவை வீணாக்குவது யார் என்பதற்கு ஒரு சாட்சி சொல்ல முடியும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடம் மாற்றினார்கள், எதிர்ப்பு வந்த பிறகு அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். அரிசியும் பருப்பும் அரசாங்கத்துடையது. முட்டை அதே முட்டை. ஒரு பெண்ணின் கை பட்டதும் அது தின்னக்கூடாத பொருளாகிவிடுகிறது. தக்காளி அடிபட்டால் நாங்கள் தொக்காக்குவோம். இப்படிக் கெட்டுப்போகிற சோற்றை என்ன செய்யலாம் என்று சிக்கனப் பக்கத்தார்தான் சொல்ல வேண்டும்.

இப்போது இருப்பது நான்காவது வீடு. சமையலறைச் சன்னல் காலி மனையைப் பார்த்து இருக்கிறது, அதற்காகவே ஐந்நூறு ரூபாய் அதிகம் கொடுக்கிறோம். அம்மா நெத்திலியைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுக்கும். காய்ந்த மிளகாய், பூண்டு, ஒரு கீற்றுத் தேங்காய் வைத்து அம்மியில் பொடித்தால் பத்து நாளைக்குக் கெடாது. சோற்றில் பிசைந்தால் தொட்டுக்க ஒன்றும் வேண்டாம். அக்கா மகளுக்கு அது உயிர். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வேண்டாம் என்பாள். 'டப்பாவத் தொறந்தா எல்லாரும் திரும்பிப் பாக்குறாளுங்க சித்தி.' நான் சிறுபாணாற்றுப்படையை ஆரம்பித்தேன். 'நீ தமிழ் எடுக்காத, எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை' என்று எழுந்து போய்விட்டாள். மூன்று மாதம் எலுமிச்சைச் சோறும் தக்காளிச் சோறும்தான் போனது.

போன வாரம் அவளாகவே அந்தப் பொடியை ஒரு சின்ன டப்பாவில் அள்ளிக்கொண்டாள். யாரோ மரக்காணத்துப் பெண் ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறாளாம், அவளும் கொண்டு வருகிறாளாம். வெள்ளிக்கிழமை பெரிய டப்பாவாகக் கேட்டாள். அம்மா சன்னலைத் திறந்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தது. 'நெத்திலி விக்கிற வெலையில இவ ஊருக்கே பந்தி வெக்கிறாளா, இன்னாடி இது' என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு பிடி அள்ளிப் போட்டது.